ரோஜாவின் ஆன்மா எங்கே?

அறிவியல் மாணவர்கள் படித்துப் பார்க்கத் தக்க நாவல்களுள் ஒன்று, ஜெர்மானிய எழுத்தாளர் பாட்ரிக் சூஸ்கின்ட் 1985-இல் வெளியிட்ட ‘பெர்ஃப்யூம்’. கதை நடப்பது 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். நாயகன் கிரெனூயின் உடலுக்குச் சொந்த வாடையே கிடையாது. எந்த வாடையையும் பிரித்தறியும் அபார மூக்கு மட்டும் உண்டு. பாரிசில் வாசனைத் தைல வணிகர் ஒருவரிடம் அவன் காய்ச்சி வடிக்கும் தொழிலைக் கற்கிறான். பிறகு கண்ணாடியையும் பித்தளையையும்கூட வடித்து மணம் எடுக்க முயல்கிறான். தோற்று நோயில் விழுகிறான்.

இந்தக் கட்டம் வேதியியலுக்கு முற்றும் பொருந்துகிறது. மணம் என்பது ஆவியாகி மூக்கை எட்டும் மூலக்கூறுகளே. ஆவியாகும் பொருளே இல்லாத கண்ணாடியிலிருந்து என்ன வடியும்?

குறை வேறிடத்தில் இருக்கிறது. கிராஸ் நகரில் மலர் மணத்தைக் கொழுப்பில் ஏற்றும் முறையைக் கற்ற நாயகன், அதே முறையில் இளம் பெண்களின் மணத்தையும் கவர்ந்துவிடுகிறான். அதற்காகக் கொலைகளும் செய்கிறான். மணமே ஒரு பொருளின் ஆன்மா, தக்க முறை தெரிந்தால் அதை முழுதாகக் கைப்பற்றலாம் என்னும் எண்ணமே கதைக்கு அச்சாணி. ரோஜா எண்ணெயைக் கொண்டு இதைச் சோதித்துப் பாருங்கள்.

பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் பறித்த ரோஜாக்களை நீருடன் காய்ச்சி வடிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ மலர் வேண்டும். அதில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்ற நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. ஆனால் மலரின் மணத்தில் பெரும்பங்கு கொண்ட ஃபினைல் எத்தில் ஆல்கஹால் நீரில் எளிதில் கரைவதால், பெரும்பாலும் நீரோடு போய்விடுகிறது. நம் திருமண வீடுகளில் தெளிக்கும் பன்னீரின் மணத்துக்கு அதுவே காரணம். நீராவிக்குப் பதில் கரைப்பானைக் கொண்டு எடுத்த ரோஜாச் சாரத்திலோ அதுவே பாதிக்கும் மேல் இருக்கும்!

வடிக்கும்போது சில பொருள்கள் புதிதாகவும் பிறக்கின்றன. ரோஜா எண்ணெயில் டமாஸ்கினோன் என்னும் சேர்மம் இருப்பதாக 1970-இல் அறிவிக்கப்பட்டது. அதன் அளவு 1 விழுக்காட்டிலும் மிகக் குறைவு. ஆயினும் எண்ணெயின் மணத்துக்கு அதன் பங்கு மிகப் பெரிது. அதில் பெரும்பகுதி காய்ச்சும் சூட்டில்தான் உருவாகிறது. ஆகவே ரோஜா எண்ணெய் என்பது ரோஜா அன்று. ஒரே மலர், முறைக்கு ஒரு மணம்.

கற்பனைக் கதையில் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கதையோடு நின்றால் கவலையில்லை. ஆனால் ‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டிய புட்டியை வாங்கும்போது, மலரே உள்ளே இருக்கிறது, ஆகவே தீங்கில்லை என்றுதானே நாமும் நம்புகிறோம்? அதே ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரக்கூடியவை. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவற்றின் பெயரைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மலரிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் தோலுக்கு மூலக்கூறு ஒன்றுதான்.

நாவலைப் படியுங்கள், நாம் புறக்கணித்த மூக்குக்கு அது மதிப்புத் தருகிறது. ஆன்மாவைத் தேடும் நாயகனின் கையில் இருந்தது ஒரு கலவை மட்டுமே என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.