‘நோய் எதிர்ப்பு’ என்னும் சொல் போதுமா?

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1970 ஜூலையில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. 1987இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பெற்றது. 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுப்பு எழுதித் தராவிடின், இறந்தபின் உறுப்பு வழங்க இசைந்தவராகவே இன்று கொள்ளப்படுவர். ஆகவே இப்பொருள் சிராங்கூன் சாலைத் தமிழ்க் குடும்பத்திற்கும் நேரே உரியது. இதனை விளக்க வழங்கும் தமிழ்ச் சொற்கள் எத்துணைத் தகுதியுடையன என்று ஆராய்தல் தமிழ் கற்பிப்போர் கடனாகும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நாள்தோறும் உண்ணும் மருந்தை ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து’ என்று எழுதுவது வழக்கம். படிப்பவர் உள்ளத்தில் இத்தொடர் எழுப்பும் கருத்து யாது? நோயை எதிர்ப்பது நன்று. அதனைக் குறைப்பது தீது. அங்ஙனமாயின் மருத்துவர் தீங்கையா தருகின்றார்? மருந்தை ஒருநாள் விட்டால் நல்லது என்றோ, எதிர்ப்பைப் பெருக்கும் கஷாயம் உதவும் என்றோ வீட்டார் எண்ணுவதற்குச் சொல்லே இடந்தருகிறது. அவ்வாறு செய்தால், அரிதிற் பெற்ற சிறுநீரகத்தையே இழக்க நேரலாம்.

பிழை எங்குள்ளது? சிறுநீரகம் நோயன்று. தன்னுடையதன்று என்று கண்டே உடல் அதனை எதிர்க்கிறது. ‘நோய்’ என்னும் அடை இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது. குருதியில் தோன்றும் எதிர்ப்புப் புரதத்திற்கு ஈழத்துப் பாடநூல்கள் வழங்கும் ‘பிறபொருளெதிரி’ என்னும் சொல் இவ்வகையில் பாராட்டத்தக்கது.

ஆயினும் ‘பிற’ என்பதும் பொருந்தாத ஓரிடம் உண்டு. பிறவியிலேயே அமைந்த காப்பில் ‘டோல்’ ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. பூஞ்சையை எதிர்க்கப் பழ ஈக்கு டோல் வேண்டும் என்று 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் காட்டினர். பாக்டீரியாவின் புறவுறை நச்சை எலியின் உடல் உணர்வது நான்காம் டோல் ஏற்பியால் என்று 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் கண்டனர். 2011இல் இவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இவ்வேற்பி, புண்பட்ட நம் உயிரணுக்கள் வெளியிடும் பொருள்களையும் உணரவல்லது. கொடையாளரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் குருதியின்றிச் சிலகாலம் இருந்து, மீண்டும் குருதி பாயும்போது அதன் உயிரணுக்கள் புண்படுகின்றன. அங்குக் கிருமி இல்லை. எனினும் காப்பு விழித்தெழுகிறது.

இவ்வேற்பியின் மரபணு எல்லார்க்கும் ஒன்றுபோல் இல்லை. புரதத்தின் 299ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்திற்கு மாறாகக் கிளைசின் அமைந்தவர் உளர். இதனை ‘மரபணுக் குறைபாடு’ என்று எழுதுவது முதற் பிழையிலிருந்து பிறக்கும் இரண்டாம் பிழை. எதிர்ப்பு முழுதும் நன்மையென்று கொண்டால், அது தணிவது குறையாகத்தானே தோன்றும்? 2005இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், இவ்வகை வேறுபாடுடைய நோயாளரிடம் உறுப்பை உடல் விலக்குவது குறைந்தும், கடுந்தொற்று மிகுந்தும் காணப்பட்டது. கொடையாளரிடம் இவ்வேறுபாடு இருப்பின் சிறுநீரகம் உடனே இயங்கத் தொடங்குவது மிகுதி என்று 2009இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. எல்லா ஆய்வுகளும் ஒத்த முடிவு தரவில்லை என்பதும் கூறத்தக்கதே. ஒருபுறம் நலமும் மறுபுறம் இடரும் தருவதைக் குறை என்பது முறையன்று. ‘வேறுபாடு’ என்பதே நேர்மை. மேலும், இது இந்தியரிடம் காணப்படுவது. சீனரிடம் மிக அரிது. பல இனத்தார் ஒரே மருத்துவமனையில் படுத்திருக்கும் இந்நகரில், ‘குறை’ என்னும் சொல் ஓரினத்தின்மேற் பழியாகவும் ஏறக்கூடும்.

பழகிய சொல்லை மாற்றலாகாது என்பாரும் உளர். காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் ‘நோய் எதிர்ப்பு’ நிற்க. உறுப்பு மாற்றைப் பற்றி எழுதுமிடத்து ‘உடற்காப்பு’ என்க. காப்பைக் குறைப்பதும் தீதன்றோ எனின், வாயிற்காவலன் விருந்தினரையே துரத்தும்போது அவனைத் தடுப்பது வீட்டிற்குத் தீதாகுமா? ‘புதிய சிறுநீரகம் நிலைக்க, உடற்காப்பை மட்டுப்படுத்தும் மருந்து’ என்று எழுதினால், பாட்டியும் அதன் நோக்கத்தை உணர்வார். வேளை தவறாது எடுத்துத் தருவார்.