வானிலை, பருவநிலை, காலநிலை, சுற்றுச்சூழல்: திண்டுக்கல்லை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

வானிலை, பருவநிலை, காலநிலை, சுற்றுச்சூழல் ஆகிய நான்கு சொற்களும் நாளிதழ்களிலும் மேடைப் பேச்சிலும் மாணவர் கட்டுரைகளிலும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன. இது வெறும் சொற்பிழை அன்று. பெயர் மாறும்போது காரணம் மாறித் தெரிகிறது. காரணம் மாறித் தெரியும்போது பொறுப்பும் இடம் மாறிவிடுகிறது. திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் கொண்டு இதனை விளக்கலாம்.

வானிலையும் காலநிலையும்

ஓரிடத்தில் இன்றோ இந்த வாரமோ நிலவும் வெயில், மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவை வானிலை. இவற்றின் நீண்டகாலப் போக்கு காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்குப் பொதுவாக 30 ஆண்டுகளை அளவாகக் கொள்கிறது. ஆகவே ஐப்பசியில் ஒரு வாரம் அடைமழை பெய்ததும் 'காலநிலை சரியாகிவிட்டது' என்று எழுதுவது தவறு. ஒரு சித்திரை வெயிலை மட்டும் கண்டு 'காலநிலை மாறிவிட்டது' என்பதும் அவ்வாறே. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் வரும் 'சீரற்ற காலநிலை' பெரும்பாலும் மோசமான வானிலையையே குறிக்கும். படிப்பவர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 'தட்பவெப்பநிலை' என்ற சொல்லும் உண்டு. ஆனால் அதில் குளிர்ச்சியும் வெப்பமும் தெரிகின்றன. மழையும் காற்றும் தெரிவதில்லை.

பருவநிலை

பருவம் ஆண்டுதோறும் திரும்பி வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால், திண்டுக்கல் சமவெளியில் ஆடிக்காற்று பலமாக வீசினாலும் தென்மேற்குப் பருவமழை குறைவு. மானாவாரி நிலங்களும் குளங்களும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன. 'பருவநிலை மாற்றம்' என்று எழுதினால், ஆண்டுதோறும் நிகழும் இந்த இயல்பான மாறுதலையே அது குறிப்பதாக மாணவர் எண்ணக்கூடும். அச்சொல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு: உழவர் முதலில் உணர்வது மழை பருவம் தப்புவதைத்தான். எனினும் அது விளைவு. அதற்குப் பின்னிருக்கும் நீண்டகாலப் போக்கைக் குறிக்கக் 'காலநிலை மாற்றம்' என்பதே பொருத்தம். தமிழ்நாடு அரசு 2021இல் துறையின் பெயரைச் 'சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை' என மாற்றியபோதும் இச்சொல்லையே கொண்டது.

சுற்றுச்சூழல்

இது நிலம், நீர், காற்று, உயிர்கள் அனைத்தையும் தழுவும் சொல். அந்த விரிவே அதன் குறையுமாகிறது. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைக்கப்படுகிறது. அதைக் கழுவும் நீரில் அந்த உப்பும், குரோமிய முறையில் பதனிட்டபின் வெளியேறும் நீரில் குரோமியமும் கலக்கின்றன. கழிவுநீர் உரிய முறையில் சுத்திகரிக்கப்படாமல் நிலத்தில் இறங்கிய இடங்களில் கிணற்று நீர் கெட்டது.

இதனை உழவர் 'கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது' என்பார். இதில் எது கெட்டது, எப்படிக் கெட்டது என்ற இரண்டும் உள்ளன. 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்ற தலைப்பில் இரண்டும் மறைந்துவிடுகின்றன. 'காலநிலை மாற்றத்தின் விளைவு' என்று எழுதிவிட்டாலோ கழிவுநீரை விட்டவரும் மறைந்துவிடுகிறார். மழை குறைந்தால் நிலத்தடி நீரில் உப்பின் செறிவு கூடலாம். ஆனால் தோல் கழிவின் குரோமியம் மழைக் குறைவால் வருவதில்லை.

முடிவு

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. ஆயினும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்டது. பெரும்பொழுதையும் தமிழ் இலக்கண மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பிரித்தது. தொடர்புடையவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதும் பெயரைக் குழப்பாத அந்த முறை இன்றும் வேண்டும். ஒரு வாரத்துக்கு வானிலை, ஆண்டின் ஒரு பகுதிக்குப் பருவம், பல பத்தாண்டுகளுக்குக் காலநிலை என்று எழுதலாம். கெட்டது கிணறு என்றால் கிணறு என்றே எழுதுவது நல்லது.