கரண்ட் போனால் நேரத்தை மறக்கும் விளக்கு

இந்த எல்இடி விளக்கின் வெளிச்சத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என நான்கு நிறமும் கலந்த இரண்டடி விளக்கு, ஆன்லைனில் வாங்கியது. கோடையிலிருந்து, நீர்ச்செடி வளர்க்கும் என் மீன்தொட்டிக்கு மேலேதான் இருக்கிறது. வாட்ஸ், கெல்வின் எல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். லூமனை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கத்துப் பச்சைதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும். செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி எவ்வளவு வந்து விழுகிறது என்பது. அதற்குப் 'பார்' என்று பெயர். அந்த எண்ணைப் போட்டிருந்தாலும், எத்தனை அங்குல ஆழத்தில் அளந்தது என்று சொல்லாவிட்டால் அதனால் பயனில்லை.

சென்னை கொளத்தூரிலிருந்து ஈரத் தாளில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த ரோட்டாலா மேக்ரான்ட்ராதான் இந்த விளக்குக்கு நான் வைத்த பரீட்சை. நம் தென்னிந்தியச் செடிதான், ஆனால் பிடிவாதக்காரி. வெளிச்சம் போதாவிட்டால் கணு நீண்டு, கீழ் இலையெல்லாம் உதிர்ந்து, வெளிறிப்போகும். இந்த விளக்கில் புதுத் துளிர் ஒவ்வொன்றும் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. இரண்டு நாள் வேலை வெட்டியை விட்டுவிட்டுத் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோளாறு முழுக்க டைமரில். விளக்குக்குள் டைமர் இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒரு சின்ன பேட்டரி இல்லை. கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் மணி, வெளிச்ச அளவு இரண்டையும் மறந்துவிடும். திரும்பி வரும்போது நான்கு நிறமும் நூறு சதவீதத்தில் எரியும். ஆடிக் காற்று வீசும் காலத்தில் உளுந்தூர்பேட்டையில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நடுராத்திரி கரண்ட் வந்ததும் ராஸ்போரா மீன்கள் திடுக்கிட்டுக் கண்ணாடியில் மோதுகின்றன. லிம்னோஃபிலா பொழுது சாய்ந்ததும் நுனி இலைகளைக் கூப்பிக்கொள்ளும் செடி. அது மறுபடி விரியத் தொடங்கிவிடுகிறது. இதைவிட மோசம், செடிகளுக்கு வாயு விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் வால்வு தனி டைமரில் இருப்பதால் அந்நேரம் மூடியே கிடக்கும். முழு வெளிச்சம் இருக்கிறது, வாயு இல்லை. செடியால் அந்த ஒளியைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. பாசிக்கு அதுதான் வேண்டும். மெதுவாக வளரும் அனுபியாஸின் இலை விளிம்பில் முதலில் கறுப்பாக மயிர் மயிராய் வரும். விரலால் தேய்த்தால் போகாது. இலையோடு வெட்டித்தான் எறிய வேண்டும்.

வெளியே ஒரு டைமர் மாட்டினால் சரியாகாதா? ஆகாது. அந்த டைமர் மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு நூறு சதவீதத்தில்தான் எழும். என் தொட்டிக்கு அறுபது போதும். தூக்கிக் கட்டலாம் என்றால் கால்கள் தொட்டி விளிம்போடு பொருந்துமாறு செய்தவை. இன்னும் சில மாடல்கள் கரண்ட் வந்த பிறகு பட்டனைத் தொட்டால்தான் எரியும். அவற்றுக்கு வெளி டைமரே பிரயோசனமில்லை. இவ்வளவு நல்ல எல்இடிகளைப் பொறுக்கிப் போட்டவர்கள் ஒரு பட்டன் பேட்டரியில் கை சுருக்கியது எனக்கு ஆறவேயில்லை.

1982-ல் ஏடிஏ என்ற நீர்ச்செடித் தொட்டி நிறுவனத்தைத் தொடங்கிய தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைப் பார்த்துத்தான் நம்மில் பலரும் இந்தப் பைத்தியத்தில் விழுந்தோம். அவர் தொங்கவிட்ட மெட்டல் ஹாலைடு விளக்குகளின் சூட்டை நம் சித்திரை வெயிலோடு சேர்த்துத் தொட்டித் தண்ணீர் தாங்காது. எல்இடி அந்தக் கவலையைத் தீர்த்தது. அதை வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: விளக்கைப் பாதி வெளிச்சத்தில் வைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். அதே பாதி வெளிச்சத்தில் எரிந்தால் காசைக் கொடுக்கலாம்.

என் விளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றி, இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வைத்த பிறகுதான் ராத்திரி நிம்மதி. அந்த வசதி இல்லாத வீட்டுக்கு இந்த விளக்கைச் சொல்ல மாட்டேன். இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மாதிரி அடங்கி வளரும் செடிகள் போதும் என்பவர்கள், எலக்ட்ரிக்கல் கடையில் 6500 கெல்வின் எல்இடி ஃபிளட் லைட் ஒன்று, பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் ஒன்று வாங்கி, ஆறு மணி நேரம் வைத்துத் தொடங்குங்கள். அந்த ஃபிளட் லைட்டில் பட்டனும் இல்லை, ஆப்பும் இல்லை, மறப்பதற்கும் ஒன்றுமில்லை. சங்கிலியில் தொங்கவிட்டு, பாசி தட்டினால் நாலு அங்குலம் மேலே ஏற்றிவிடுங்கள்.