சுவரில் ஒரு ஒற்றுப்பிழை

மேற்கு வேல்சில், சாலையோரம் இடிந்து நிற்கும் கல்வீடொன்றின் சுவர். அதில் வேல்ஷ் மொழியில் இரண்டே சொற்கள்: ‘ட்ரவெரினை மறவாதீர்.’ அறுபதுகளின் தொடக்கத்தில் மீக் ஸ்டீஃபன்ஸ் என்ற இளம் எழுத்தாளர் தீட்டியது. சிறு தேசிய இனங்களின் தன்னாட்சி பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு புனிதப் பிரதியாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சங்கடம் இருக்கிறது.

லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது. வேல்சின் 36 உறுப்பினர்களில் ஒருத்தர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. நிறைவேறிவிட்டது. 1965இல் காப்பெல் கெலின் என்கிற, வேல்ஷே புழங்கிய ஊர், பள்ளிக்கூடம், தேவாலயம், தபாலாபீசு எல்லாவற்றோடும் நீருக்குள் போயிற்று. எண்ணிக்கை ஜனநாயகத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

சரி, இந்த அநியாயத்திலிருந்து தன்னாட்சி பிறந்தது என்று நேர்கோடு போட்டால் 1979 இடிக்கிறது. வேல்சுக்குத் தனிச் சபை வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பில் ஐந்தில் நாலு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூழ்கிய ஊர் இருக்கும் க்வினெத் மாவட்டத்திலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் வேண்டாம். தெற்கின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஆங்கிலம் பேசும் தொழிலாளிக்கு, ‘சபை வந்தா வேல்ஷ் தெரிஞ்சவன் கைக்குத்தான் எல்லாம் போகும்’ என்ற பயம். வடக்கிலோ, தெற்கு நம்மை ஆண்டுவிடும் என்ற பயம். சுவர் ‘மறவாதீர்’ என்கிறதே, யாரைப் பார்த்து? அப்போது வேல்ஷ் பேசியவர் ஐந்தில் ஒருவர்.

பிறகு 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. சுரங்கங்கள் மூடப்பட்டன. தாட்சரின் கட்சிக்கு வேல்ஸ் ஒருபோதும் பெரும்பான்மை கொடுக்கவில்லை. இருந்தும் அந்தக் கட்சிதான் 18 வருஷம் ஆண்டது. 1997இல் மறுபடி வாக்கெடுப்பு. வென்றது 6,721 வாக்கில். ரோண்டா, மெர்தர் பக்கத்து அதே ஆங்கிலம் பேசும் பள்ளத்தாக்குகள் இம்முறை வேண்டும் என்றன. மூழ்கிய ஊரைவிட மூடிய சுரங்கம்தான் சபையைக் கொண்டுவந்தது என்பேன். தேசியவாதச் சொல்லாடல் இதை உரக்கச் சொல்லாது. அதற்குச் சுவர் போதும்.

அந்தச் சுவருக்கே வருகிறேன். ஸ்டீஃபன்ஸ் ஆங்கிலம் பேசும் தெற்கில் வளர்ந்தவர். வேல்ஷ் பின்னால் கற்றது. நம் புணர்ச்சி மாதிரி அந்த மொழியிலும் ஒன்று உண்டு. இந்த இடத்தில் பெயரின் முதல் மெய் மெலிந்து ஒலிக்க வேண்டும். அவர் வல்லொலியாகவே எழுதிவிட்டார். (நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ட’தான், பிழையே தெரியாது!) பிற்பாடு மறுபடி தீட்டியபோது அது திருத்தப்பட்டது. நம்ம புரூஃப் பார்க்கிற நண்பர்களுக்கு சந்தோஷமாக இருக்கும். ஆனால் மொழியைத் தாய்மடியில் பெறாத ஒருவன், தெற்கிலிருந்து வந்து, அந்த இழப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டதன் தடயம் அந்தப் பிழைதான். அதை அழித்தபோது 1979இல் வெளியே நின்றவர்களின் கையெழுத்தும் கூடவே போயிற்று.

2019இல் சுவரின் ஒரு பகுதியை யாரோ இடித்தார்கள். மறுபடி கட்டினார்கள், வேல்சின் பல ஊர்களில் நகல்கள் முளைத்தன. யாராவது பழைய பிழையோடே ஒரு சுவர் எழுதினால், நான் அந்தச் சுவர் பக்கம்.