வரைபடம் என்னும் பிரதி

வரைபடம் நிலத்தை உள்ளபடியே காட்டுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதுவும் ஒரு பிரதிதான். எழுதிய கை உண்டு, எழுதவைத்த அதிகாரம் உண்டு. இமயத்து எல்லைகளை இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த எழுத்தின் தொடக்கம் நம்ம ஊர்தான். 1802-இல் லாம்டன் பரங்கிமலையடியில் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். அங்கிருந்து விரிந்த முக்கோணங்கள் பின்னாளில் இமயம்வரை போயின. 1865-இல் ஜான்சன் அக்சாய் சின்னைக் காஷ்மீருக்குள் அடக்கி வரைந்தார். 1899-இல் அதே பிரிட்டிஷ் அரசு அதில் பெரும்பகுதியைச் சீனாவுக்கு விடும் வேறொரு கோட்டை முன்வைத்தது. சீனா பதிலே சொல்லவில்லை. மலை நகரவில்லை, ரஷ்யாவைப் பற்றிய பயம் ஏறி இறங்க, கோடுதான் நகர்ந்தது. 1914-இன் மக்மகான் கோட்டையும் சீனா ஏற்கவில்லை. சுதந்திர இந்தியாவின் வரைபடங்களில் மேற்கே ‘வரையறுக்கப்படாதது’ என்றிருந்த எல்லை 1954-இல் உறுதியான கோடாயிற்று. எட்டு வருஷத்தில் போர்.

சர்வே ஆஃப் இந்தியாவுக்கு மாறாக நாட்டின் வரைபடத்தை அச்சிட்டால் ஆறு மாதம்வரை சிறை என்கிறது, பின்னர் திருத்தப்பட்ட 1961-ஆம் ஆண்டுச் சட்டம். சரி, எண்ணூருக்கு வருவோம். 1996-இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மண்டல வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி வெளிவந்த மாநில அரசின் இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் காகிதத்திலேயே வற்றிவிட்டது என்று சூழல் போராளிகள் கணக்குச் சொன்னார்கள். இதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அது காப்பது நாட்டின் விளிம்பை. உள்ளே அழிக்கப்படுவதை அல்ல.

கொசஸ்தலைக் கரையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். “இன்னா தம்பி, அப்ப நா இத்தினி வருசமா ரோட்டுலயா வல போட்டேன்?” என்றார்.

எல்லாமே பிரதி என்றால் இரண்டு வரைபடமும் ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். கோட்பாடு பேசுகிற நாம் வழுக்கி விழுகிற இடம் இது. பனிமலை உச்சியில் கோட்டைச் சரிபார்க்க வாட்டர்மார்க் எதுவும் கிடையாது, இரண்டு அரசுகளின் வாதம்தான் உண்டு. இங்கே தினமும் ஓதம் ஏறி இறங்குகிறது. அதில் நின்று பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை: எந்த இடத்தில் எவர் வலை, எந்த நாளில் என்று ஊரே முறைவைக்கிறது. கோடு போடாமலே எல்லையை அறிந்தவர்கள்.

அவர்களை வாசகர்களாகச் சேர்க்காத வரைபட விமர்சனம் அரைகுறை. இந்த இரண்டு வரைபடங்களையும் முதலில் குப்பத்து ஊர்க்கூட்டத்தில் விரித்துவைக்க வேண்டும். நம் கட்டுரைகள் அப்புறம் வரட்டும்.