முதல் பாட்டிலேயே தேர்வு

வெர்டியின் 'ஐடா' என்றாலே யானை, குதிரை, நீளமான எக்காளங்கள், மேடை கொள்ளாத கூட்டம் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். இரண்டாம் அங்கத்து வெற்றி ஊர்வலம் தந்த பெயர் அது. ஆனால் நான்கு அங்கங்கள், ஏழு காட்சிகள் கொண்ட இந்த ஓபராவில் ஊர்வலம் வருவது ஒரே ஒரு காட்சியில். அன்றைய ஐடா தேறுமா தேறாதா என்பது அதற்கு வெகு முன்பே, திரை விலகிய சில நிமிடங்களில், ஒரே ஒரு ஸ்வரத்தில் தெரிந்துவிடும்.

படைத்தலைமைக்குக் காத்திருக்கும் ராடமெஸ் பாடும் 'செலெஸ்தே ஐடா' பாட்டின் கடைசி பி ஃப்ளாட்தான் அது. எகிப்தில் அடிமையாக இருக்கும் எத்தியோப்பியப் பெண் ஐடாவை நினைத்து, சூரியனுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அரியணை போட வேண்டும் என்று கனவு காண்கிறான். அந்த உச்சியில் வெர்டி எழுதிவைத்த குறிப்பு, மிக மிக மெல்ல, உயிர் அடங்குவதுபோலப் பாட வேண்டும் என்பது. பாடகருக்குத் தொண்டை சூடேறக்கூட நேரம் கிடையாது. தலைமைப் பூசாரியோடு சில வரிப் பேச்சு, உடனே பாட்டு. மட்டையாளர் கார்டு எடுத்து நிமிர்வதற்குள் காலடியில் யார்க்கர் விழுகிற நிலைமை.

மேல் ஸ்வரத்தை ஓங்கிப் பாடுவது நல்ல டெனருக்குப் பெரிய காரியமில்லை. மூச்சின் வேகத்திலேயே குரல் கணீரென்று நின்றுவிடும். அதே இடத்தில் ஒலியை அடக்குவதுதான் பாடு. காற்று குறைய வேண்டும், ஆனால் குரல்நாண்கள் பிரிந்துவிடக் கூடாது. சற்றுப் பிரிந்தால் கள்ளக்குரல், சற்று இறுகினால் பிசிறு. வாத்தியங்களும் அங்கே மெலிந்துவிடுவதால் குறையை மறைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே பெரும்பாலானோர் அந்த ஸ்வரத்தை உரக்கப் பிடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பெரிய குரலுக்குப் பேர்போன ஃபிராங்கோ கொரெல்லி அப்படி நகரவில்லை. மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா நடத்த, 1960-களில் ரோமில் செய்த பதிவைக் கேளுங்கள். முழுக்குரலில் ஸ்வரத்தைப் பிடித்தவர், மூச்சை அறுக்காமல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து நூலிழையாக்குகிறார். வெர்டி கேட்டது முழுக்க இதுவல்ல என்றாலும், இவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சின்னதாக ஆவதைக் கேட்பது ஒரு பேறு. 2015-ல் வெளியான பதிவில் யோனாஸ் காஃப்மன் குறிப்புக்கு இன்னும் நெருங்கி வருகிறார்.

வேறொரு வழியும் உண்டு. பி ஃப்ளாட்டை உரக்கவே பாடிவிட்டு, கடைசிச் சொற்களை ஒரு ஸ்தாயி கீழே மெல்லத் திருப்பிப் பாடலாம். இது வெர்டியே கொடுத்த சலுகை. 1949-ல் நியூயார்க்கில் டோஸ்கனினி நடத்த, ரிச்சர்ட் டக்கர் அப்படித்தான் பாடினார். டோஸ்கனினிக்கு இந்த ஓபரா எவ்வளவு நெருக்கம் என்றால், 1886-ல் ரியோ டி ஜெனீரோவில், 19 வயது செல்லோ வாசிப்பாளராக இருந்தவர் திடீரென்று ஏறி மனப்பாடமாக நடத்திய முதல் ஓபராவே இதுதான். அவர் ஒப்புக்கொண்ட சலுகையை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாட்டு ஆளையே சாய்த்ததும் உண்டு. 2006 டிசம்பர் 10, மிலானின் லா ஸ்காலா. 'செலெஸ்தே ஐடா' முடிந்ததும் மேல்மாடத்திலிருந்து கூச்சல் எழ, ராபர்டோ அலான்யா மேடையைவிட்டே வெளியேறினார். இசை நிற்கவில்லை. மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பி வேடம் போடக்கூட நேரமில்லாமல், போட்டிருந்த உடையோடு ஓடிவந்து தொடர்ந்தார். மேல்மாடத்து ரசிகர்களின் காது கூர்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் பத்து நிமிடத்திலேயே ஒருவரைக் கூச்சலிட்டு விரட்டுவது ரசனை ஆகாது.

ஒரு ஸ்வரத்துக்கு இத்தனை பேச்சு ஏன்? ராடமெஸ் முடிவில் எங்கே போய்ச் சேர்கிறான் என்று பாருங்கள். படை செல்லும் வழியைத் தன்னை அறியாமல் எதிரிக்குச் சொல்லிவிட்ட குற்றத்துக்காக அவனை உயிரோடு கல்லறையில் அடைக்கிறார்கள். மேடை இரண்டு தளமாகப் பிரிகிறது. மேலே ஒளி நிறைந்த கோயில், கீழே இருட்டறை. முன்னாலேயே வந்து ஒளிந்திருந்த ஐடாவோடு அவன் பாடும் கடைசிப் பாட்டும் மேல் ஸ்தாயியில், மெல்லிய குரலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பாட்டில் வெறும் தளபதியாக முழங்கியவர் கல்லறையில் திடீரென்று காதலனாகக் குழைந்தால் ஒட்டாது. கனவு காண்கிறவன் என்பதை அந்த பி ஃப்ளாட்டிலேயே காட்டிவிட வேண்டும்.

அப்படியானால் ஊர்வலப் பிரம்மாண்டம் எங்கிருந்து வந்தது? அதைக் கேட்டது எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயில். கதைக்கருவைத் தந்தவர் தொல்லியல் அறிஞர் ஓகுஸ்த் மரியெட். பாரிஸ் போரில் முற்றுகையிடப்பட்டபோது அவரும், அங்கே தயாரான உடைகளும் ஜோடனைகளும் சிக்கிக்கொண்டதால் அரங்கேற்றம் தள்ளிப்போய், 1871 டிசம்பர் 24-ல் கெய்ரோவில் நடந்தது. வெர்டி போகவில்லை. அவர் மனம் முழுக்க 1872 பிப்ரவரியில் நடக்கவிருந்த லா ஸ்காலா நிகழ்ச்சியில் இருந்தது.

உச்ச ஸ்வரத்தை மெல்லப் பாடும் சோதனை ராடமெஸுக்கு மட்டுமல்ல, ஐடாவுக்கும் உண்டு. மூன்றாம் அங்கத்தில், நைல் கரையில், தாய்நாட்டை நினைத்து அவள் பாடும் பாட்டில் ஓர் உச்ச 'சி' வருகிறது. அங்கும் வெர்டி கேட்பது இனிமையை. 1985 ஜனவரி 3-ல் லியோன்டைன் பிரைஸ், 57 வயதில், இந்த வேடத்தோடு நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா மேடையிலிருந்து விடைபெற்றார். அந்தப் பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிமிடக்கணக்கில் ஓயவில்லை.

ஆனாலும் பல இரவுகளில் ஆட்டத்தைத் தட்டிச்செல்பவள் பார்வோன் மகள் அம்னெரிஸ். நிலவறையில் விசாரணை. ராடமெஸின் பெயரைப் பூசாரிகள் மூன்று முறை அழைக்கிறார்கள், அவன் வாய் திறப்பதில்லை. மேடையில் நிற்பவள் அம்னெரிஸ் மட்டும். பொறாமையால் தானே அவனைக் காட்டிக்கொடுத்தவள் கெஞ்சி, உடைந்து, கடைசியில் பூசாரிகளையே சபிக்கிறாள். நடுக்குரலில் வலுவுள்ள ஒருத்தி கிடைத்துவிட்டால் அந்தக் காட்சி தோற்றதே இல்லை.

அதற்கு அடுத்த காட்சியே கல்லறை. அங்கே மெல்லப் பாடத் தெரிந்த ராடமெஸ் வேண்டும், ஆனால் அரங்குகள் தேடுவது வேறு. 1913-லிருந்து ஐடா நடந்துவரும் வெரோனாவின் ரோமானியத் திறந்தவெளி அரங்கில் ஏறத்தாழ 15,000 பேர் உட்காரலாம். அவ்வளவு பேருக்கும் எட்ட வேண்டும் என்று ராடமெஸுக்குக் கனத்த குரலையே தேடுவது புரிகிறது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பேர் அமரும் உள்ளரங்குகளும் அதே கணக்கில் ஆள் எடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அங்கெல்லாம் குரலின் அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பி ஃப்ளாட்டை மெல்ல நிறுத்தத் தெரிந்தவரைக் கூப்பிடலாம். கடைசி டூயட்டுக்கும் அவர் தொண்டையில் குரல் மிச்சமிருக்கும்.