மிதவைக்கு நேர்வழி இல்லை

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. சுமார் 45 டிகிரி ஒதுங்கி ஓட வேண்டும். பிறகு திருப்பி, மறுபக்கம் அதே 45. பந்தயத்தில் எட்ட வேண்டிய மிதவை எதிர்காற்றில் 1,000 மீட்டர் தள்ளி இருந்தால், ஒரே திருப்பத்தில் போகிறவர் வலப்பக்கம் 707 மீட்டர், இடப்பக்கம் 707 மீட்டர் ஓட்டுவார். திரும்பும் இடத்தில் செங்கோணம். கர்ணம்தான் இடப்பெயர்ச்சி. ஓடியது 1,414 மீட்டர், முன்னேறியது 1,000.

பத்து முறை திரும்பினாலும் கணக்கு அதே 1,414 தான். திரும்பும்போதெல்லாம் வேகம் வேறு அடிபடும். அப்படியானால் ஒரே திருப்பம் போதுமே? காற்று திசை மாறாமல் இருந்தால் போதும். அது இருக்காதே!

அக்கம்பக்கமாக 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு படகுகள் சமநிலையில் போகின்றன என்று வையுங்கள். காற்று 10 டிகிரி வலப்பக்கம் விலகுகிறது. இப்போது அந்த 400 மீட்டர்தான் கர்ணம். 10 டிகிரிக்கு எதிர்ப்பக்கம் ஏறக்குறைய 69 மீட்டர். வலப்பக்கப் படகு அவ்வளவு தூரம் முன்னால் வந்துவிட்டது, கூடுதல் வேகம் ஏதும் இல்லாமல். அது எவ்வளவு பெரிய முன்னிலை என்றால், ஒலிம்பிக்கில் ஓடும் ஐஎல்சிஏ வகைப் படகின் நீளமே 4.23 மீட்டர்தான். காற்று இடப்பக்கம் விலகியிருந்தால் வலப்பக்கப் படகுக்கு அதே 69 மீட்டர் இழப்பு. அதனால்தான் ஓரத்துக்கே போய் ஒற்றைத் திருப்பத்தை நம்புவதை நான் சூதாட்டம் என்பேன்.

வேகத்தை மட்டும் பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள். 45 டிகிரியிலிருந்து 50க்குத் தாழ்த்தினால் படகு விரையும். ஆனால் மிதவையை நோக்கிய முன்னேற்றம் குறையாமலிருக்க வேகம் 10 சதவீதம் கூடியாக வேண்டும். கூடுமா என்பதைச் சுக்கான் பிடித்தவர் நொடிக்கு நொடி கணிக்கிறார்.

தமிழகத்தின் பாய்மரப் படகு வீரர் விஷ்ணு சரவணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 20ஆம் இடம், பாரிஸில் 18. அதே இரண்டு ஒலிம்பிக்கில் வீராங்கனை நேத்ரா குமணன் 35இலிருந்து 21க்கு வந்தார். அவரவர் பிரிவில் எல்லோருக்கும் ஒரே அளவுப் படகு, ஒரே அளவுப் பாய். எனவே இந்த ஏற்றத்தைப் படகின் கணக்கில் எழுத முடியாது.

நம் செய்திகளில் இடம் மட்டுமே வருகிறது. முதல் மிதவைக்கு எந்தப் பக்கமாகப் போனார்கள், காற்று எந்தப் பக்கம் விலகியது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள், ஆசிரியர்களே.